டர்போ விதி பற்றி, குன்னூரிலிருந்து ஒரு திறந்த மடல்

கோவைப் பக்கம், இரண்டு வண்டிகளை நேர்கோட்டில் 402 மீட்டர் ஓடவிடும் அமெச்சூர் டிராக் பந்தயம் நடத்தும் அண்ணன்மார்களுக்கும், வண்டிகளைச் சோதிக்கும் ஸ்க்ருட்டினி மேசையில் உட்காரும் தம்பிகளுக்கும் வணக்கம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தோற்றுப்போனவன் புலம்புகிறான் என்று பாதியில் தள்ளிவிடுவீர்கள். இன்ஜினுக்குள் காற்றை அமுக்கி அடைக்கும் டர்போ இருந்தால், வண்டியின் சிசியை, அதாவது இன்ஜின் அளவை, 1.7-ஆல் பெருக்கி அதற்குரிய கிளாஸில் ஓடச் சொல்லும் விதியை இந்த வருடம் கொண்டுவந்தீர்கள், அதனால் எனக்கு நஷ்டம் எதுவும் கிடையாது. கணக்குப் பார்த்தால் லாபம்தான். என்னுடையது டர்போ இல்லாத பழைய 1.5 லிட்டர் ஹோண்டா சிட்டி. போன பந்தயத்தில் 1,650 சிசி கிளாஸில் எனக்கு இரண்டாம் பரிசு கொடுத்தீர்கள், கோப்பை பட்டறையில் ஸ்பார்க் பிளக் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கிளாஸில் ஓடியதே மொத்தம் நான்கு வண்டி. நான்கில் இரண்டாவது என்று வீட்டில் சொன்னால், "மத்த ரெண்டு பேரும் வண்டியத் தள்ளிக்கிட்டா வந்தாங்க?" என்று கேட்கிறாள் மனைவி.

அதற்கு முந்தைய வருடம் இதே கிளாஸில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும், என் முறை வருவதற்குள் இரண்டு டீ குடித்துவிடலாம். டர்போ வைத்திருந்த அந்தப் பையன்களெல்லாம் இப்போது எங்கே என்றால், உங்கள் 1.7 வாய்ப்பாட்டில் பெருக்கப்பட்டுப் பெரிய கிளாஸுக்குப் போனார்கள், அங்கே முதல் ரன்னிலேயே தோற்றார்கள், அப்புறம் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

நான் யார் என்றும் சொல்ல வேண்டும். பெட்ஃபோர்டு பக்கம் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன், பச்சைத் தேயிலை மூட்டை ஏற்றும் பிக்கப்புகளும் எஸ்டேட் ஜீப்புகளும்தான் பிழைப்பு. டர்போவை நான் படித்தது பந்தயத்தில் இல்லை, இந்தப் பிக்கப்புகளில். டர்போ இல்லாத பழைய டீசல் ஜீப் ஏற்றத்தில் கரும்புகை கக்கிக்கொண்டு திணறும், ஏனென்றால் பம்ப் கீழே சமவெளியில் ஊற்றும் அதே அளவு டீசலை இங்கேயும் ஊற்றும், அதை எரிக்கத்தான் காற்று போதாது. அதே பாரத்தோடு டர்போ பிக்கப் முணகாமல் ஏறிப்போகும். குன்னூர் 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். காற்று மெலிந்த ஊரில் வாழ்கிறவனுக்கு டர்போ என்றால் பகட்டுச் சாமான் கிடையாது, மூச்சு. அதனால் டர்போ என்ற சொல்லைக் கேட்டதும் நீங்கள் பயப்படுகிற மாதிரி எனக்குப் பயம் வரவில்லை.

சரி, விதிக்கு வருவோம். டர்போ வண்டி என்றால் அதன் சிசியை 1.7-ஆல் பெருக்கி, வரும் எண்ணுக்குரிய கிளாஸில் ஓட வேண்டும். போதாததற்கு, பூஸ்ட், அதாவது டர்போ கூடுதலாக ஏற்றும் காற்றழுத்தம், 1 பாரைத் தாண்டக் கூடாது. உங்கள் கிளாஸ்கள் 1,650 வரை, 2,000 வரை, அதற்கு மேல் என்று மூன்று. இப்போது பேனாவை எடுங்கள். 999 சிசி டர்போ போலோ 1,698 ஆகிறது, வெறும் 48 சிசியில் 1,650-ஐத் தாண்டி மேலே போகிறது. 1,197 சிசி போலோ ஜிடி 2,035 ஆகிறது, ஆக அது கடைசிக் கிளாஸ். 1,984 சிசி டர்போ ஆக்டேவியா 3,373 ஆகிறது, அதற்கும் அதே கடைசிக் கிளாஸ்தான், மேலே உச்சவரம்பே கிடையாதே. கம்பெனியிலிருந்து 105 எச்பியோடு வந்து, வாரநாளில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும் வண்டியும், 200 எச்பிக்கு மேல் போகும் வண்டியும் ஒரே கோட்டில் நிற்கின்றன. பச்சை விளக்கு எரிவதற்கு முன்பே முடிவு தெரிந்துவிடுகிறது, அதைப் பார்க்கக் கூட்டம் எதற்கு வர வேண்டும்?

1.7 என்ற எண்ணை நீங்களாகக் கண்டுபிடிக்கவில்லை என்று தெரியும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் அதே எஃப்ஐஏ, ராலியில் குரூப் பி என்ற வகை வண்டிகள் ஓடிய காலத்தில் 1.4-ஆல் பெருக்கிக்கொண்டிருந்தது. லான்சியா டெல்டா எஸ்4 இன்ஜின் 1,759 சிசி என்ற வினோதமான அளவில் இருந்ததற்கு அந்த 1.4 தான் காரணம். பெருக்கினால் 2,500-க்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும். எண்ணைக் கொடுத்தால் அந்த எண்ணுக்குத் தகுந்த இன்ஜினைச் செய்துகொண்டு வருவார்கள், அவ்வளவுதான். பின்னால் டர்போ வளர்ந்தது, எண்ணையும் 1.7 ஆக்கினார்கள்.

ஃபார்முலா 1 கதை இதைவிட நல்ல பாடம். 1966-இல் டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாத இன்ஜினுக்கு 3 லிட்டர், இருந்தால் 1.5 லிட்டர் என்று விதி போட்டார்கள், அதாவது பெருக்கல் 2. பதினோரு வருடம் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. 1977-இல் ரெனோ ஒரு டர்போ வண்டியைக் கொண்டுவந்தது. அது அடிக்கடி புகைவிட்டு நின்றதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். 1979-இல் டிஜோனில் அதே ரெனோ ஜெயித்தது. 1986 வாக்கில் அந்த 1.5 லிட்டர் இன்ஜின்கள் தகுதிச் சுற்றில் ஆயிரம் எச்பியைத் தாண்டிவிட்டன, டர்போ இல்லாத 3 லிட்டர் காஸ்வொர்த் இன்ஜின் அதில் பாதியோடு நின்றது. அப்புறம் பயந்துபோய் டர்போ அழுத்தத்தை 1987-இல் 4 பார், 1988-இல் 2.5 பார் என்று கட்டிப்போட்டார்கள். அப்படிக் கட்டிப்போட்ட 1988-இல் டர்போ ஹோண்டா பூட்டிய மெக்லாரன் 16 பந்தயத்தில் 15-ஐ அள்ளிக்கொண்டு போனது. 1989-இல் டர்போவே வேண்டாம் என்று தூக்கிவிட்டார்கள். உலகத்தில் உள்ள பணமும் மூளையும் சேர்ந்த இடத்திலேயே பெருக்கல் எண் இப்படிச் சொதப்பியிருக்கிறது.

ஏன் சொதப்புகிறது என்பது பட்டறையில் வேலை செய்கிற எந்தப் பையனுக்கும் தெரியும். டர்போவில் சிசி என்பது பாத்திரத்தின் அளவு, பூஸ்ட் என்பது அதில் எவ்வளவு அமுக்கி அடைக்கிறோம் என்பது. அரை பார் பூஸ்டில் ஓடும் கம்பெனி வண்டி தோராயமாக ஒன்றரை மடங்கு காற்றை உள்ளே வாங்கும், அதிலும் சூட்டில் கொஞ்சம் போய்விடும். 1.8 பார் பூஸ்டில் ஓடும் வண்டி கிட்டத்தட்ட மூன்று மடங்குக்குப் போகும். இரண்டுக்கும் 1.7 போட்டால் சாதுவான வண்டிக்கு அதிகத் தண்டனை, முரட்டு வண்டிக்கு இலவச டிக்கெட். சரி, முரட்டு வண்டியைத் தடுக்கத்தானே 1 பார் எல்லை என்பீர்கள். எல்லை வைத்த பிறகு பெருக்கல் எதற்கு? ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை.

அந்த 1 பார் எல்லையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் எங்கள் வீட்டு வண்டி வெளியே தள்ளப்பட்டது அதில்தான்.

என் அக்கா பையன் ஒரு பழைய 1.3 பெட்ரோல் ஸ்விஃப்டில் டர்போ ஏற்றியிருக்கிறான். டர்போ பழையது, இன்டர்கூலர் இன்னொரு வண்டியிலிருந்து கழற்றியது, பைப்பெல்லாம் நாங்களே வெல்டு வைத்தது. பூஸ்ட் ஏறாமல் தடுக்கும் வால்வான வேஸ்ட்கேட், ஸ்பிரிங்கைத் திருகாணியில் திருப்பி வைக்கிற பழைய வகை. எங்களுக்குப் பக்கத்தில் இன்ஜின் பலத்தை அளக்கும் டைனோ கிடையாது, ஆகவே போன் ஆப்பில் சென்சாரைப் பார்த்து 0.9 பாரில் நிறுத்தினோம். எல்லைக்கு ஒரு புள்ளி கீழேயே இருக்கட்டும் என்று மரியாதையாக வைத்தது. கீழே வந்து உங்கள் மேசையில் முள் கேஜைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தால் 1.1. உங்கள் ஸ்க்ருட்டினி தம்பி அவனை ஒரு மாதிரி பார்த்தார். "ஊர்ல இருந்து வரும்போது வழியில திருப்பிட்டியா?" என்று கேட்டார். பையனுக்கு 22 வயது, கண் கலங்கிவிட்டது, எனக்கே அப்போது விளங்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி, பர்லியார் தாண்டிக் காது அடைத்தபோதுதான் உறைத்தது.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் தலையணை மாதிரி உப்பியிருக்கும், பார்த்திருப்பீர்கள். வெளியே காற்றழுத்தம் குறைகிறது, உள்ளே அடைத்தது அப்படியே இருக்கிறது. கடல்மட்டத்தில் 1.01 பார் என்றால் குன்னூரில் சுமார் 0.81 தான். இன்ஜினில் இருக்கும் மேப் சென்சார் மொத்த அழுத்தத்தை அளக்கும், அதிலிருந்து வெளிக்காற்றைக் கழித்தால்தான் பூஸ்ட். எங்கள் ஆப் எந்த ஊரில் இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு 1.01-ஐக் கழிக்கும் வகை. மொத்தம் 1.91 இருந்தது, ஆப் 0.9 என்று காட்டியது. உண்மையில் கழிக்க வேண்டியது 0.81, ஆக பூஸ்ட் 1.1. ஸ்பிரிங் வகை வேஸ்ட்கேட்டுக்கு மொத்தம் எவ்வளவு என்று தெரியாது, வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதுதான் தெரியும், அதனால் அந்த 1.1-ஐ அப்படியே கீழே கொண்டுவந்து உங்கள் முள்ளில் காட்டிவிட்டது.

குக்கரை வைத்துச் சொன்னால் இன்னும் சுலபம். விசில் வெயிட் தூக்குவதற்கு, உள்ளே வெளிக்காற்றைவிடச் சுமார் 1 பார் கூடுதலாக வர வேண்டும். கோவையில் அது மொத்தம் இரண்டு பார் பக்கம், குன்னூரில் 1.8. அதே குக்கர், அதே மூன்று விசில், கோவையிலிருந்து வந்த மாமியார் வைத்த கடலை இங்கே வேகாமல் நறுக்கென்று நிற்பது இதனால்தான். விசிலை எண்ணிச் சமைக்கிறவர்கள் யாரையும் நான் குறை சொல்லவில்லை, ஆனால் விசிலை எண்ணி ஒருவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்லக் கூடாது.

இது மலைக்காரன் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அதே நாளில் இன்னொரு மேசையில், ஸ்கேனரில் 196 கேபிஏ (100 கேபிஏ என்றால் 1 பார்) என்று வந்ததைப் பார்த்து ஒரு பையனிடம் "பூஸ்ட் ரெண்டு பார் இருக்கே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது மொத்த அழுத்தம்! வெளிக்காற்றுக்கே 96, 97 போய்விடும், அவன் 1 பாருக்குள்தான் இருந்தான். கால்மணி நேரம் சண்டை போட்டுத்தான் உள்ளே போனான். ஒரு மேசையில் கேஜ், இன்னொரு மேசையில் ஸ்கேனர், விதிப்புத்தகத்தில் மொத்த அழுத்தமா, கூடுதல் அழுத்தமா, எந்தப் பார் என்று எழுதவே இல்லை.

இதையெல்லாம் சரிசெய்தாலும் பூஸ்ட் எல்லை பிடிக்காது என்பது வேறு விஷயம். புதிய வண்டிகளில் பூஸ்டை வைத்திருப்பது ஈசியு என்ற இன்ஜின் கம்ப்யூட்டர். அதற்குள் போடும் செட்டிங்குக்கும் மேப் என்றுதான் பெயர், சென்சார் வேறு. ஸ்க்ருட்டினிக்கு ஒரு மேப், கோட்டுக்கு வந்த பிறகு ஒரு மேப், மாற்றுவதற்கு ஸ்டியரிங்கில் இருக்கும் ஒரு பட்டன் போதும். நான் யாரையும் காட்டிக்கொடுக்க வரவில்லை. ஆனால் திருகாணி வைத்த ஏழை 1.1-க்கு வெளியே போகிறான், பட்டன் வைத்தவன் கைகுலுக்கிவிட்டு உள்ளே போகிறான்.

அப்போது என்னதான் செய்வது? காற்றைக் கட்டுங்கள். டர்போ காற்றை உறிஞ்சும் வாயில் ஒரு வளையம் வையுங்கள், ராலிக்காரர்கள் ரெஸ்டிரிக்டர் என்கிறார்கள். அந்தத் துளைக்குள் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் ஒரு துளி போகாது. பின்னால் எத்தனை பெரிய டர்போ இருந்தாலும், எந்த மேப் போட்டாலும், பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும். உலக ராலியில் 34 மில்லிமீட்டர் வளையத்தில் சுமார் 300 எச்பியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். துளையின் பரப்பைக் கொண்டு கணக்குப் போட்டால் 25 மில்லிமீட்டரில் 160 பக்கம், 22 மில்லிமீட்டரில் 125 பக்கம் மேல்மட்டம் வரும், எங்களைப் போன்ற பட்டறை இன்ஜின்களில் அதற்கும் குறைவு. அதனால் 1,650 கிளாஸில் என் சிட்டியோடு ஓட வருகிற டர்போவுக்கு 22, அடுத்த கிளாஸுக்கு 25 என்று ஆரம்பித்துப் பாருங்கள். 110 எச்பி கம்பெனி டர்போவுக்கு அந்த வளையம் பெரிதாக உறைக்காது, 180 வைத்திருப்பவனுக்கு மூச்சு முட்டும். பெருக்கல் வேண்டாம், கேஜ் வேண்டாம். கோட்டிலிருந்து கிளம்பும்போது டர்போ சுற்றி எழுவதற்குள் எனக்கு அரை வண்டி நீளம் கிடைக்கும், மூன்றாவது கியரில் அவன் அதைத் திருப்பி எடுத்துக்கொள்வான், 402 மீட்டர் முடியும் இடத்தில் யார் பம்பர் முன்னால் என்று எனக்கே தெரியாது. அதுதானே பந்தயம்.

வளையத்திலும் தில்லுமுல்லு செய்யலாம், மறைக்க மாட்டேன். 1995 கேட்டலோனியா ராலியில் டொயோட்டா செய்தது இன்றைக்கும் மெக்கானிக்குகள் வாயில் இருக்கிறது. பைப்பைக் கழற்றினால் வளையம் சரியான இடத்துக்குத் தானாக வந்து நின்றுகொள்ளும், கிளாம்ப் போட்டு முறுக்கினால் ஸ்பிரிங் தள்ளி ஓரமாக வழி திறந்து காற்று சுற்றிக்கொண்டு போகும். கண்டுபிடித்து ஒரு வருடம் தடை போட்டார்கள். வேலைப்பாட்டை நினைத்தால் கோபத்துக்கு நடுவிலும் ஒரு மரியாதை வருகிறது. ஆனால் அமெச்சூர் பந்தயத்தில் அவ்வளவு தூரம் போகிறவன் இருந்தால் அவனுக்கு வேலை கொடுத்துவிடலாம். சாதாரணப் பரிசோதனை ஒன்று போதும்: இன்ஜின் ஓடும்போது வளையத்தின் வாயை ரப்பர் மூடியால் அடையுங்கள், இன்ஜின் செத்துவிட வேண்டும். சாகவில்லை என்றால் வேறு எங்கோ மூச்சு விடுகிறது. அப்புறம் கம்பி கட்டி ஈயச் சீல் வைத்துவிடுங்கள். வளையம் டர்போவின் கம்ப்ரசர் விசிறிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ராலி விதியிலேயே இருக்கிறது, 50 மில்லிமீட்டருக்குள். செலவு? அலுமினியத் தண்டு, ஒரு மணி நேர லேத் வேலை. கோவைக்காரர்களிடம் போய் லேத் பற்றி நான் பேசினால் சிரிப்பீர்கள்.

டீசலை இதோடு குழப்ப வேண்டாம். டீசல் எப்படியும் எரிப்பதற்குத் தேவையானதைவிட அதிகக் காற்றோடு ஓடுகிறது, வளையம் அதில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். தனிக் கிளாஸிலேயே இருக்கட்டும்.

எடை ஏற்றலாமே என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. ஊட்டி ரேஸ்கோர்ஸில் குதிரைக்கு எடை வைத்து ஓட்டியதைப் பார்த்து வளர்ந்தவன் நான், அந்த மைதானத்தையே 2024-இல் அரசு எடுத்துக்கொண்டது தனிக்கதை. நன்றாக ஓடுகிற குதிரைக்குக் கூடுதல் எடை, யோசனை நியாயமானதுதான். ஆனால் சீட்டுக்கு அடியில் நட்டு போட்டு இறுக்காத நாற்பது கிலோ இரும்பு, 150 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடிக்கும்போது எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். வேண்டாம்.

இதையும் செய்ய மனமில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது, அமெச்சூர்களுக்கு அதுதான் உத்தமம் என்பது என் எண்ணம், நண்பர்கள் பாதிப் பேர் ஒத்துக்கொள்வதில்லை. சிசியை மறந்துவிட்டு நேரத்தை வைத்துக் கிளாஸ் போடுங்கள். 16 வினாடி, 17 வினாடி, 18 வினாடி. 17 வினாடிக் கிளாஸில் 17-க்குக் கீழே போய் 16.99 ஓடினால் தோல்வி. டர்போவா, சாதாவா, டீசலா, யாருக்குக் கவலை? நம் டைமிங் ஸ்லிப்பில் வரும் நேரம் வண்டி கோட்டை விட்டு நகர்ந்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கிறது, பச்சை விளக்குக்கு எவ்வளவு சீக்கிரம் காலை எடுத்தான் என்பது தனி. ஆகவே இருவரும் 17.05 ஓடினால் ஜெயிப்பது விளக்கில் தூங்காதவன். என் ஐம்பது வயதுக்கு இது பாதகம்தான், இருந்தாலும் சொல்கிறேன். வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுவார்கள் என்பீர்கள். ஓட்டட்டுமே, கடைசி ஐம்பது மீட்டரில் 16.99-க்கும் 17.02-க்கும் நடுவில் கால் வைத்து எடுப்பது லேசுப்பட்ட வித்தையா என்ன. அமெரிக்காவில் வார இறுதியில் ஓடும் சாதாரண மனிதர்கள் பலரும் இப்படி நேரத்தை வைத்துத்தான் ஓடுகிறார்கள். டென்வர் பக்கம் பாண்டிமியர் என்று ஒரு டிராக் இருந்தது, ஏறத்தாழ நம் குன்னூர் உயரம், 2023-இல் மூடிவிட்டார்கள். மூச்சு வாங்கும் அந்த உயரத்தில் அறுபது வருடத்துக்கு மேல் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். உயரத்துக்குத் தகுந்தபடி நேரத்தைத் திருத்திக் கணக்கிட அட்டவணையே வைத்திருந்தார்கள். உயரம் என்று ஒன்று இருக்கிறது என்பதை ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம்.

கூட்டம் நேருக்கு நேர் மோதலைத்தான் விரும்பும், விளம்பரம் கொடுப்பவர்கள் பெரிய வண்டியைத்தான் கேட்பார்கள், எனக்குப் புரிகிறது. கடைசியில் ஓபன் கிளாஸ் ஒன்று வையுங்கள், வளையம் கிடையாது, எண் கிடையாது, வருகிறவன் வரட்டும். பாதுகாப்பு மட்டும் பாருங்கள். எங்களைப் போன்றவர்கள் வேலியோரம் நின்று விசிலடிக்கிறோம்.

உங்கள் கதவு மூடினால் இந்தப் பையன்கள் வீட்டில் உட்கார மாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். மலையில் 402 மீட்டர் நேரான சாலை கிடைப்பது அபூர்வம், கிடைக்கிற இடத்தில் எதிரே அரசு பஸ் வரும், காட்டெருமை நிற்கும். எங்கள் ஸ்விஃப்டின் சாவியை இரண்டு மாதமாக நான்தான் வைத்திருக்கிறேன். வண்டி பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு நிற்கிறது, பையன் தினமும் சாயங்காலம் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகிறான், என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை.

22-இல் ஒன்றும் 25-இல் ஒன்றும் இரண்டு வளையம் கடைந்து வைத்திருக்கிறேன். அடுத்த பந்தயத்துக்கு முன்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ருட்டினி தம்பிகள் நேரம் ஒதுக்கினால் வண்டியோடு வருகிறோம், உங்கள் கேஜ், உங்கள் ஸ்கேனர், உங்கள் ரப்பர் மூடி, எதை வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள். விடியற்காலை நான்கு மணிக்குப் பர்லியார் வழியாக இறங்கினால் ஏழு மணிக்குள் உங்கள் கேட்டில் நிற்போம். டீத்தூள் ஒரு கிலோ கொண்டுவருகிறேன், நல்ல தூள்.

இப்படிக்கு,
பெட்ஃபோர்டு பட்டறைக்காரன், குன்னூர்